ஆட்டு ஈரலும் அமெரிக்க இருட்டும்

அக்டோபர் 16

கோகிலவாணி மேடத்தின் ஆய்வேடு இன்று முடிந்தது. ஐந்து படிகள், கறுப்பு ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து. மதியமே மேடம் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தும்விட்டார். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று பக்கமும் ஒரு அங்குலம். இந்தப் பல்கலைக்கழக வாசலில் ஏழு டைப்பிங் கடைகள் இருக்கின்றன. மார்ஜின் விடத் தெரிந்த கடை ஒன்றுதான். அதன் பெயரை நானே சொன்னால் தற்பெருமையாகிவிடும். என் பெயர் செங்கோட்டுவேலு, கடையின் பெயர் வேலு கம்ப்யூட்டர்ஸ்.

பேப்பர் ஏஜென்சிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இன்றைக்குத்தான் முதல் வரி எழுதுகிறேன். நாலு வருடமாக வாரம் இரண்டு முறை மாலை நாலரைக்கு வந்துகொண்டிருந்தவர் இனிமேல் வர வேலையில்லை. நாலரைக்குக் கை சும்மா இருந்தது. அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

மேடத்தின் தலைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க இலக்கியத்தில் இருண்ட கற்பனாவாதம். டைப் செய்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. அந்த நாட்டில் அப்போது இரண்டு கோஷ்டி எழுத்தாளர்கள் இருந்தார்களாம். ஒரு கோஷ்டி, மனிதன் பிறவியிலேயே நல்லவன், காட்டுக்குள் நடந்து வெயில் காய்ந்தால் தெய்வமாகிவிடுவான் என்றது. இன்னொரு கோஷ்டி, காட்டுக்குள் போய்ப் பார், உனக்கு முன்னாலேயே உன் பாவம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்றது. இந்த இரண்டாவது கோஷ்டிதான் மேடத்துடையது. இவர்கள் கதைகளில் பாழடைந்த வீடு இருக்கும், பூட்டிய அறை இருக்கும், ஊரே மதிக்கும் பெரிய மனிதர் ஒருவர் இருப்பார். அவர் நெஞ்சுக்குள் ஒரு ரகசியம் இருக்கும். யாரும் கேட்காமலே ஒருநாள் அவரே அதை உளறிவிடுவார். எனக்குப் பிடிபடாத விஷயம் இதுதான். மறைத்தவன் மறைத்தபடியே இருந்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

எல்லா ஸ்காலர்களும் என்னை அண்ணா என்பார்கள். மேடம் மட்டும் வேலு சார் என்பார். தகவலுக்காக எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 17

நாலரைக்கு மழை பெய்தது. யாரும் வரவில்லை.

அக்டோபர் 18

ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்கும் பிரின்டருக்கும் ஸ்பைரல் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். என்னிடம் மேடத்தின் ஆய்வேட்டில் அட்டை போடாத ஒரு லூஸ் படி இருந்தது. அதையும் பொரி கடலைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பொட்டு வைத்தேன். நாலு வருட உழைப்பு அல்லவா. என் உழைப்பைச் சொல்கிறேன்.

அக்டோபர் 21

இதை நடுக்கமில்லாமல் எழுத வேண்டும்.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. அக்கா ஆட்டு ஈரல் வறுத்துக்கொண்டிருந்தாள். என் அக்கா ருக்குமணிக்கும் எனக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவளுடைய வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு இந்த ஏற்பாடு. நான் கூடத்தில் உட்கார்ந்து லூஸ் படியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் அத்தியாயம், மறைத்த பாவம் மனசை அரிப்பது பற்றியது. ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. 143ஆம் பக்கத்துக்கு வந்தேன்.

அந்தப் பக்கத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: அது உள்ளே நுழைவது யாருக்கும் தெரிவதில்லை. ஈரலின் இருட்டில் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் வாழ்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஆரோக்கியமாகவே தெரிகிறது. அறுத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படுகிறது. நூற்றுக்கு முப்பத்திரண்டில் இது காணப்பட்டது.

அடடா, மேடம் என்னமாய் எழுதியிருக்கிறார் என்று மெச்சிக்கொண்டேன். அப்புறம்தான் அந்த வரிகள் எங்கேயோ பார்த்தவை என்று பட்டது. மேடம் எழுதியதை நான் டைப் செய்ததாக நினைவில்லை. நாச்சிமுத்து எழுதியதை டைப் செய்த நினைவு வந்தது. விலங்கியல் துறை நாச்சிமுத்து. வெள்ளாடுகளின் ஈரலில் வரும் தட்டைப்புழுக்கள் பற்றி ஆய்வேடு கொடுத்துவிட்டுப் போனவர்.

நடந்தது இதுதான். புது ஆய்வேட்டுக்கு மார்ஜின், தலைப்பு, பக்க எண் எல்லாம் முதலிலிருந்து அமைக்க யாருக்கும் பொறுமை கிடையாது. பழைய ஆய்வேட்டின் ஃபைலைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, பழைய விஷயத்தை அழித்துவிட்டுப் புது விஷயத்தை அடிப்போம். ஏழு கடையிலும் இதுதான் தொழில். கடைசி வாரம் மேடத்தின் அத்தியாயங்களை நாச்சிமுத்துவின் ஃபைலுக்குள் ஏற்றியபோது, பழையதில் ஒரு பக்கம் அழியாமல் தங்கிவிட்டது. திருட்டு எழுத்துச் சோதனைக்குக் கொடுத்தது முந்தின படி, அதில் இந்தப் பக்கம் இல்லை. கடைசி நாள் அவசரத்தில் மேடம் நான்காம் அத்தியாயத்தை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றார். வேண்டாங்க, நான் பாத்துக்கறேன் என்று சொன்னது நான்தான்.

அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஈரல் என்னைப் பார்த்தது. நான் ஈரலைப் பார்த்தேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 22

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் கடையைத் திறந்தேன்.

நாலரைக்கு மேடம் வந்தார். முகம் நிறையச் சந்தோஷம். அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணிக்கு அறிவிப்பு வந்துவிட்டதாம். நேர்காணல் ஏப்ரல் இரண்டாம் வாரம். அதற்குள் முனைவர் பட்டச் சான்று கையில் இருக்க வேண்டும். மேடம் பதினோரு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் மட்டும்தான் நிரந்தரம், வேலையை வருடாவருடம் புதுப்பிப்பார்கள். இதற்கு முந்தின அறிவிப்பு வந்து எட்டு வருடமாகிறது. இதை விட்டால் அடுத்தது வரும்போது வயது தாண்டிவிடும்.

சமர்ப்பித்ததைத் திரும்பப் பெற்று மறுபடி கொடுப்பதென்றால் எவ்வளவு நாளாகும் என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். ஒரு வருடம் ஆகுமுங்க, யாருக்கு என்று கேட்டார். தெரிந்தவர் ஒருவருக்கு என்றேன். பாவமுங்க அவுங்க என்றார்.

சொல்லவில்லை.

அக்டோபர் 29

தினசரிக் காலண்டரில் ராசிபலன் ஒரே வார்த்தையில் இருக்கும். என்னுடையது துலாம். இந்த வாரம் வரிசையாக: அச்சம், நிந்தை, சுகவீனம், அச்சம், செலவு, அச்சம். இன்று பல்லி வலது தோளில் விழுந்தது. பல்லி விழும் பலன் அட்டவணையில் வலது தோளுக்கு வெற்றி என்று போட்டிருக்கிறது. பல்லிக்கு விவரம் தெரியாது.

நவம்பர் 8

தீபாவளிப் பலகாரம் கொண்டுவந்தார் மேடம். அதிரசமும் முறுக்கும். தன்னுடைய படியை லீவில் உட்கார்ந்து முழுக்கப் படித்தாராம். கடித்த முறுக்கைக் கீழே வைத்தேன். எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லா வந்திருக்குங்க வேலு சார், மார்ஜினெல்லாம் பிரமாதம் என்றார். அப்புறம், இதற்கு முன்னால் நான் டைப் செய்த விலங்கியல் ஆய்வேடு யாருடையது, அவருடைய போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்.

நம்பரைத் தேடுவதுபோல் மேசை டிராயரைத் திறந்தேன். நிதானமாக யோசித்தேன். கண்டுபிடித்திருந்தால் கத்தியிருப்பார். கத்தவில்லை. ஆகவே கண்டுபிடிக்கவில்லை. நம்பரைக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. நாச்சிமுத்து கல்யாணமாகாதவர், நல்ல உயரம். யாரும் யாரோடும் பேசலாம்.

நவம்பர் 9

நாச்சிமுத்துவுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் என்று விசாரித்ததில் தெரிந்தது. கார்ட்ரிட்ஜ் மாற்றினேன். அச்சு தெளிவாக வருகிறது.

நவம்பர் 27

பேங்குக்குப் போகும் வழியில் கால்நடை மருத்துவமனை வாசலில் மேடத்தின் ஸ்கூட்டி நின்றது. மேடம் வீட்டில் ஆடு கிடையாது, மாடு கிடையாது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது கோழிகளைக்கூட விற்றுவிட்டார்கள்.

டிசம்பர் 4

மறுபடியும் ஸ்கூட்டி. இந்தத் தடவை ஒரு மணி நேரம் நின்றது. நான் எதிர் டீக்கடையில் இரண்டு டீ குடிக்க வேண்டியிருந்ததால் தெரியும்.

டிசம்பர் 11

மேடம் நாலரைக்கு வந்தார். ஒரே ஒரு பக்கம் ஜெராக்ஸ். அதற்கு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்திருக்கிறார். அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு கடை இருக்கிறது. அங்கே மெஷின் சரியில்லை போலிருக்கிறது.

ஜெராக்ஸ் எடுத்த பிறகும் உட்கார்ந்திருந்தார். திடீரென்று, ஏனுங்க வேலு சார், நத்தைக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்னு உங்களுக்குத் தெரியுங்களா என்றார். தெரியாது என்றேன். புழுவோட குஞ்சு முதல்ல நத்தைக்குள்ள போகுமாம், அங்க வளந்து புல்லுல வந்து ஒட்டிக்குமாம், அதைத்தான் ஆடு மேயுமாம் என்று கண் விரியச் சொன்னார். இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்டேன். டாக்டர் குழந்தைவேலுங்க, நம்ம கால்நடை டாக்டர், பொறுமையாச் சொல்லித் தர்றாருங்க என்றார்.

பொறுமையாகச் சொல்லித் தருகிறாராம். ஆட்டு டாக்டருக்கு அவ்வளவு நேரம் எங்கிருந்து வருகிறது? ஊரில் ஆடுகளுக்கெல்லாம் நோய் நின்றுவிட்டதா?

டிசம்பர் 23

ஞாயிறு. இன்றும் ஈரல் சாப்பிடவில்லை. அக்கா மந்திரிக்கப் போகலாமா என்றாள். பேச்சோடு பேச்சாக டாக்டர் குழந்தைவேலைப் பற்றிக் கேட்டேன். தனி ஆள், சொந்த வீடு, நல்ல குணம், பொண்ணு பாத்துட்டிருக்காங்க என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஏண்டா, உனக்கு ஏதாவது சீக்கா, ஆட்டு டாக்டரை விசாரிக்கற என்றாள். எனக்கு ஒரு சீக்கும் இல்லை.

மேடத்துக்கு நல்ல இடம் அமைந்தால் எனக்குச் சந்தோஷம்தான். பத்திரிகையை நானே அடித்துக் கொடுப்பேன். மார்ஜின் சரியாக இருக்கும்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். காளியம்மன் கோயில் திடலில் டாக்டர் குழந்தைவேல் இலவசமாக ஆடுகளுக்குப் புழு மருந்து கொடுத்தார். மேடம் பச்சைப் பட்டுப்புடவையில் பக்கத்தில் நின்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். டாக்டர் ஒரு கிடாயின் கண் இமையை விலக்கிக் காட்ட, மேடம் குனிந்து பார்த்தார். நான் கரும்பு வாங்கப் போனவன், கரும்பில்லாமல் திரும்பினேன்.

இப்போது எனக்கு இரண்டு துக்கம். ஒன்று, நான் மேடத்துக்குச் செய்த துரோகம். இன்னொன்று என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 11

விதி விளையாடுகிறது. மேடத்தின் கைடு பர்வதம் அம்மா வெளித்தேர்வாளரின் அறிக்கையைப் படியெடுக்க என் கடைக்கே கொடுத்தனுப்பினார். படிக்கக்கூடாதுதான். ஆனால் மெஷினில் வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

தேர்வாளர் பெங்களூர்ப் பேராசிரியர் ஆராவமுதன். முதல் மூன்று அத்தியாயங்களுக்கு, பரவாயில்லை என்ற தொனியில் மூன்று வரி. நான்காம் அத்தியாயத்துக்கு முக்கால் பக்கம். அதில் சாரம்: ஆய்வாளர் 143ஆம் பக்கத்தில் ஆய்வு நடையைத் துறந்து கவியாக உயர்கிறார். பாவத்தை ஈரலில் வாழும் உயிராக உருவகித்தது நான் இதுவரை எங்கும் காணாதது. நூறு பேரில் முப்பத்திரண்டு பேர் பாவத்தை மறைத்து வாழ்கிறார்கள் என்று எண்ணிக்கையோடு சொல்லும் துணிச்சல் வியக்கத்தக்கது. வாய்மொழித் தேர்வில் இந்தப் பக்கத்தைப் பற்றி விரிவாகக் கேட்க ஆவலாக உள்ளேன்.

மெஷினில் பேப்பர் சிக்கியது. என் கையும்தான்.

பிப்ரவரி 12

நூறு ஆட்டில் முப்பத்திரண்டு. ஆட்டில்.

மார்ச் 4

வாய்மொழித் தேர்வு, அதாவது வைவா, மார்ச் 14 என்று முடிவாகிவிட்டது. காலை பதினோரு மணி, ஆங்கிலத் துறைக் கருத்தரங்கக் கூடம், பொதுமக்கள் யாரும் வரலாம். எங்கள் பக்கத்தில் வைவா என்பது பாதி தேர்வு, பாதி விசேஷம். பேனர், சால்வை, வருகைப் பதிவு, டீ, மிக்சர், பாதுஷா, தேர்வாளர்களுக்குச் சாப்பாடு என எல்லாமே ஸ்காலர் பொறுப்பு. கடைசியில் பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்பார்கள். யாரும் கேட்காவிட்டால் அவமானம் என்பதால் மூன்று பேருக்கு முன்கூட்டியே கேள்விச் சீட்டு கொடுத்து உட்காரவைப்பார்கள். பேனரும் சீட்டும் நான்தான் அடிக்கிறேன். அன்றைக்கு ஸ்லைடு மாற்றுவதும் நான்தான்.

மேடத்துக்கு அந்த அறிக்கை தெரியுமா என்று மெதுவாகக் கேட்டேன். தெரியுமுங்க, 143ஆம் பக்கம்தானுங்களே என்று சொல்லிச் சிரித்தார். தான் எழுதாத பக்கத்தைத் தான் எழுதியதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். முந்நூறு பக்கத்தில் எது யார் எழுதியது என்று எப்படி ஞாபகம் இருக்கும்? கூடத்தில் எல்லார் முன்னாலும் ஆராவமுதன் கேட்பார். இவர் விழிப்பார். பதினோரு வருடம் காத்திருந்தது, அந்த ஒரு நிமிஷத்தில் என்னால் போய்விடும்.

மார்ச் 13

இன்று மூன்று தடவை சொல்லப் பார்த்தேன்.

முதல் தடவை டாக்டர் குழந்தைவேலிடமிருந்து போன் வந்துவிட்டது. இரண்டாம் தடவை பேனரில் மேடத்தின் தகப்பனார் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதைப் பார்த்து, அதைச் சரி செய்யப் போய்விட்டேன். மூன்றாம் தடவை மேடம் ஸ்கூட்டியில் ஏறிவிட்டார். ஓடிப்போய் நிறுத்தினேன். என்னுங்க என்றார். பாதுஷா எத்தனை என்று கேட்டேன். நூற்றிருபது என்றார்.

அந்த அமெரிக்கக் கதைகளில் இந்த மாதிரி ஆளை டைப் செய்யும்போதெல்லாம், கோழை என்று நினைத்துக்கொள்வேன். என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 14

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூடம் நிறைந்திருந்தது. மேடம் மாம்பழ நிறச் சேலை. முதல் வரிசையில் ஆராவமுதன், பக்கத்தில் பர்வதம் அம்மா. மூன்றாம் வரிசையில் டாக்டர் குழந்தைவேல், ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் ஓரத்தில் லேப்டாப்போடு.

நாற்பது நிமிடம் மேடம் பேசினார். இருபத்தாறு ஸ்லைடையும் நேரம் தவறாமல் மாற்றினேன். பிறகு ஆராவமுதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நேராக 143க்கு வந்தார். இந்த உருவகம் எப்படித் தோன்றியது, கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் கடைசி ஸ்லைடை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

மேடம் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு பேச ஆரம்பித்தார். முட்டை தண்ணீரில் விழுகிறது, அப்போது அது ஒன்றுமே இல்லை, வெறும் எண்ணம். நத்தைக்குள் போகிறது, அதாவது மெதுவாக நகரும் பழக்கத்துக்குள் போகிறது. அங்கே ஒன்று பலவாகிறது. பிறகு வெளியே வந்து நல்ல பச்சைப் புல்லில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. ஆடு கெட்டதைத் தேடிப் போவதில்லை. பசுமையைத் தேடித்தான் போகிறது. அந்த முதல் கோஷ்டி எழுத்தாளர்கள் காட்டின் பசுமையைப் பார்த்தார்கள், இந்த இரண்டாம் கோஷ்டி புல்லின் நுனியைப் பார்த்தது, வித்தியாசம் அவ்வளவுதான் என்றார். ஈரலுக்குள் போன பிறகு ஆட்டுக்கு வலி தெரிவதில்லை, கண் இமையை விலக்கிப் பார்த்தால் மட்டும் வெளுத்திருக்கும், ஆகவே ஒருவருடைய ரகசியம் தெரிய வேண்டுமானால் கிட்டே போய்க் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று முடித்தார்.

பிறகு கைதட்டல். டாக்டர் குழந்தைவேல் எழுந்து நின்றே தட்டினார். ஆராவமுதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சீட்டு கொடுத்த மூன்று பேரும் அவரவர் கேள்வியை வாசித்தார்கள், மேடம் பதில் சொன்னார். எல்லாம் முடிந்தது. சால்வை தட்டில் தயாராக இருந்தது. பர்வதம் அம்மா சம்பிரதாயத்துக்கு, வேறு யாராவது கேட்கிறீர்களா என்றார்.

அப்போது யாரோ எழுந்து நின்றார்கள். அது நான்தான்.

ஏன் எழுந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. தப்பித்தாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கைதட்டல் என் வயிற்றுக்குள் புழுவாக நெளிந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐயா, அந்தப் பக்கம் மேடம் எழுதுனது இல்லீங்க. என்ற தப்புங்க அது. பழைய ஃபைலு அழியாம நின்னுருச்சு. அது ஆட்டு ஈரலுங்க."

ஆராவமுதன் என்னைப் பார்த்தார். "ஆடு என்றால்?"

"வெள்ளாடுங்க ஐயா."

பின் வரிசையில் யாரோ மிக்சர் பொட்டலத்தைக் கீழே போட்டார்கள். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கண்ணில் திகைப்பு இருக்கும் என்று நினைத்தேன். திகைப்பு துளியும் இல்லை. கொலை வெறி இருந்தது.

ஆராவமுதனின் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. முக்கால் பக்கம் புகழ்ந்து கையெழுத்துப் போட்டு, பல்கலைக்கழக முத்திரையோடு ஃபைலில் ஏறிவிட்டது. பக்கம் தவறென்றால் அவருடைய அறிக்கையும் ஆட்டு ஈரலுக்கே சேரும். அவர் எதுவும் சொல்வதற்குள் மேடம் மைக்கைப் பிடித்தார்.

"அவர் சொல்றது நிஜமுங்க சார். பக்கம் என்னுது இல்ல. ஆனா இப்ப நான் சொன்ன பதில் என்னுது. அதுக்கு மார்க் போடுங்க."

தேர்வாளர்கள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். டீ ஆறியது. பாதுஷாவை யாரும் தொடவில்லை. அரை மணி கழித்து வந்தார்கள். 143ஆம் பக்கத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஆய்வாளர் இன்று வாய்மொழியாகச் சொன்ன விளக்கத்தை எழுதிச் சேர்க்க வேண்டும், அந்தச் சிறு திருத்தத்துக்கு உட்பட்டுப் பட்டம் பரிந்துரைக்கப்படுகிறது என்று ஆராவமுதன் வாசித்தார். தன்னுடைய அறிக்கை இந்தப் புதிய பக்கத்துக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்துவதால் அதைத் திருத்தத் தேவையில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். பெரிய மனிதர்.

மேடத்துக்குச் சால்வை போட்டார்கள். கூட்டத்தில் என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மார்ச் 15

வாசலில் மற்ற ஆறு கடைக்காரர்களும் இன்று என் கடை வழியாக டீ குடிக்கப் போனார்கள். ஒருவர் ஆடு மாதிரி மே என்று கத்திவிட்டுப் போனார்.

மார்ச் 16

ஒரு எம்.ஃபில். பையன் கொடுத்திருந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான். அண்ணா தப்பா நினைக்காதீங்க என்றான். நினைக்கவில்லை. மேடம் வரவில்லை.

மார்ச் 17

ஞாயிறு. அக்கா கேட்காமலேயே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். புழு, பக்கம், டாக்டர், எல்லாம். இப்போது வாயைத் திறந்தால் மூட முடிவதில்லை. அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, கழுதை என்று மட்டும் சொன்னாள். ஈரலைத் தட்டில் வைத்தாள். சாப்பிட்டேன்.

மார்ச் 18

நாலரைக்கு ஸ்கூட்டிச் சத்தம்.

மேடம் வந்து, கையால் எழுதிய ஒரு பக்கத்தை மேசைமேல் வைத்தார். இதை அடிச்சுக் குடுங்க என்றார். நான் அடித்தேன். நிறுத்தற்குறி நிறுத்தற்குறியாக நாலு தடவை சரி பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்டேன். அக்டோபரிலேயே எனக்குத் தெரியும், பயந்து சொல்லாமல் விட்டேன் என்றேன். எனக்குத் தீபாவளியிலிருந்து தெரியுமுங்க என்றார்.

அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்குத்தான் அவ்வளவு நேரமும் காத்திருந்தவர்போல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"சொல்லியிருந்தா தீசிஸ் திரும்பி வரும். ஏன் வந்துச்சுன்னு ஊரே கேக்கும். வேலு கம்ப்யூட்டர்ஸ்ல ஆட்டைச் சேத்து அடிச்சுட்டாங்கன்னு பேசுவாங்க. அப்புறம் யாரு உங்க கடைக்கு வருவாங்க? அதான் நாச்சிமுத்துகிட்டக் கேட்டு, டாக்டர்கிட்டக் கேட்டு, நாலு மாசமா நோட்டுப் போட்டுப் புழுவைப் படிச்சேன். மாட்டுப் பொங்கலன்னிக்குக் கெடா கண்ணை எல்லாம் பாத்தேன். யாருக்கும் தெரியாம முடிச்சாச்சு. சால்வை வரைக்கும் வந்தாச்சு. அப்ப எந்திரிச்சு வெள்ளாடுங்க ஐயாங்கறீங்க."

டாக்டர் குழந்தைவேல் என்று ஆரம்பித்தேன். அவருக்கு அடுத்த மாசம் நாமக்கல்லில் கல்யாணம், உங்களுக்கும் பத்திரிகை வருமுங்க என்றார்.

பிரின்டரில் இருந்து அந்தப் பக்கம் வந்து விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"நாலு மாசமுங்களா" என்றேன். "எனக்காகவுங்களா?"

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பின்ன என்னுங்க, ஆட்டுக்காகவா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை இங்கே எழுத வெட்கமாக இல்லை. எனக்கு இவரை நாலு வருடமாகப் பிடிக்கும் என்று கடை நடுவில் நின்று சொன்னேன். அதையும் யாரும் கேட்கவில்லை. தெரியுமுங்க, உங்களுக்குத்தான் தெரியலை என்று சொல்லிவிட்டு, கோகிலவாணி பக்கத்தை எடுத்து முதல் வரியிலிருந்து பிழை பார்க்க ஆரம்பித்தார்.